வெயில் காலத்துல தோட்டத்துத் தண்ணியை மிச்சம் பண்றது எப்படி: மண்ணுல இருந்து தொட்டி வரைக்கும் முழு வழிகாட்டி

வெயில் ஏற ஆரம்பிச்சதும் நிறைய பேர் பண்றது ஒரே வேலை தான். தினமும் சாயங்காலம் ஹோஸை எடுத்து எல்லா செடிக்கும் ரெண்டு ரெண்டு நிமிஷம் தெளிச்சு விடுவாங்க. மண்ணு கறுப்பா ஈரமா தெரியும், பாக்க திருப்தியா இருக்கும், ஆனா அந்த தண்ணி ஒரு இஞ்சுக்குக் கீழ போயிருக்காது, மறுநாள் வெயில் ஏறினதும் அப்படியே ஆவியாகிடும், வேருக்கு ஒண்ணும் போய் சேர்ந்திருக்காது. அதனால தண்ணி மிச்சம்னா செடியைக் காயப் போடணும்னு நினைக்காதீங்க. வேருக்குப் போகாத தண்ணியை நிறுத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. கீழ சொல்ற வரிசையிலயே பண்ணுங்க, ஏன்னா பல பேர் மண்ணைப் பாக்காம, மூடாக்கு (மண்ணு மேல சருகு, வைக்கோல் பரப்பி மூடுறது) போடாம, நேரா ட்ரிப் கிட் (சொட்டு நீர்ப் பாசனக் குழாய் செட்) வாங்கிப் போட்டுட்டு, அப்புறம் செடி வாடுதேன்னு முழிக்கிறாங்க.

படி 1: குழாயைத் தொடுறதுக்கு முன்னாடி மண்ணைத் தோண்டிப் பாருங்க

எப்பவும் ஊத்துற மாதிரியே ஒரு நாள் தண்ணி ஊத்துங்க. ஒரு அரை மணி நேரம் கழிச்சு, ரெண்டு செடிக்கு நடுவுல சின்ன கரண்டியால ஒரு ஆறு இஞ்ச் ஆழத்துக்கு குழி தோண்டுங்க. குழியோட ஒரு பக்க சுவரை கரண்டியால நேரா சீவி விட்டுப் பாருங்க, ஈரம் எதுவரைக்கும் இறங்கி இருக்குன்னு கோடு போட்ட மாதிரி தெரியும். மேல கறுப்பு, கீழ வெளிறிப் போன மண்ணு. விரல் வச்சா மேல ஜில்லுனு இருக்கும், கோட்டுக்குக் கீழ சூடா பொடிப்பொடியா உதிரும். நிறைய தோட்டத்துல அந்தக் கோடு ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்சுலயே நின்னுடும், ஆனா காய்கறிச் செடியோட வேர்ல பெரும்பகுதி ஆறுல இருந்து பன்னெண்டு இஞ்ச் ஆழம் வரைக்கும் பரவி இருக்கும். இதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டீங்கன்னா அப்புறம் யாரும் உங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

அப்படியே மண்ணு எந்த ரகம்னும் பாத்துடுங்க. கொஞ்சம் ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு பிடிங்க. கையைத் திறந்ததும் உதிர்ந்து போனா மணல். உருண்டையா நின்னு, தொட்டா உடைஞ்சா நடுத்தரமான நல்ல மண்ணு. கட்டை விரலால அழுத்தினா ரிப்பன் மாதிரி நீளமா வந்தா களி. மணல்ல தண்ணி சீக்கிரம் கீழ ஓடிடும், அதுக்கு கொஞ்சமா அடிக்கடி கொடுக்கணும். களியில தண்ணி மெதுவாத்தான் உள்ள போகும், வேகமா ஊத்தினா வழிஞ்சு ஓடிடும், அதனால பத்து நிமிஷம் விட்டுட்டு, இருபது நிமிஷம் நிறுத்தி, மறுபடி பத்து நிமிஷம்னு இடைவெளி விட்டு ஊத்தணும்.

தினமும் தோண்ட வேண்டியதில்ல. ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் இல்லன்னா இரும்புக் கம்பி போதும். ஈரமான மண்ணுல சுலபமா இறங்கும், காஞ்ச இடம் வந்ததும் நின்னுடும். எங்க நிக்குதோ அதுதான் உங்க ஈரத்தோட ஆழம். இன்னைக்கு தண்ணி ஊத்தணுமா வேண்டாமான்னு காலண்டரைப் பாத்து முடிவு பண்றதை விட இந்தக் கம்பியை நம்புங்க.

படி 2: எவ்வளவு ஊத்துறோம்னு ஒரு தடவையாவது அளந்துடுங்க

ஒரு சதுர மீட்டர் இடத்துல 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னா அது சரியா 1 லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி. நல்ல காஞ்ச வெயில்ல, இலை அடர்த்தியா மூடின பாத்தியில ஒரு நாளைக்கு சுமாரா 5ல இருந்து 8 மில்லிமீட்டர் தண்ணி செடி வழியாவும் மண்ணு வழியாவும் போகும். அப்ப 10 சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு நாளைக்கு 50ல இருந்து 80 லிட்டர். செடி சின்னதா இருந்தா இதுல பாதி கூட வேண்டாம்.

இப்ப உங்க ஹோஸை ஒரு 10 லிட்டர் பக்கெட்ல விட்டு எத்தனை செகண்ட்ல நிரம்புதுன்னு பாருங்க. 40 செகண்ட் ஆனா நிமிஷத்துக்கு 15 லிட்டர். கால் மணி நேரம் மறந்து விட்டுட்டு போனீங்கன்னா 225 லிட்டர் போச்சு.

இன்னொரு கணக்கும் வச்சுக்கோங்க. 25 மில்லிமீட்டர் தண்ணி, அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், காஞ்ச மணல்ல சுமார் ஒரு அடி ஆழம் இறங்கும், நடுத்தர மண்ணுல ஆறு ஏழு இஞ்ச், களியில நாலு அஞ்சு இஞ்ச் தான். தினமும் அஞ்சு லிட்டர் தெளிக்கிறதுக்கு பதிலா நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை இப்படி ஆழமா ஊத்தினா வேர் கீழ தேடிப் போகும், கீழ இருக்கிற மண்ணு அவ்வளவு சீக்கிரம் காயாது. மணல் மண்ணுன்னா இந்த இடைவெளியை ரெண்டு மூணு நாளா குறைச்சுக்கோங்க.

படி 3: மூடாக்கு, இதை மட்டும் விட்டுடாதீங்க

இந்த வழிகாட்டியில ஒண்ணே ஒண்ணு தான் பண்ண முடியும்னா இதைப் பண்ணுங்க. வெறும் மண்ணு மேல நேரா வெயில் விழுந்தா மேல் மண்ணு கொதிக்கும், அங்க இருக்கிற சின்ன வேர் செத்துடும், கீழ இருக்கிற ஈரமும் மேல ஏறி ஆவியாகிட்டே இருக்கும். அந்த மண்ணை மூடி வச்சா மூணும் ஒரே நேரத்துல நிக்கும், களையும் குறையும்.

என்ன போடலாம்னா காஞ்ச சருகு, வைக்கோல், மரத்தூள் இல்லாத மரச்சிப்ஸ், அரைகுறையா மக்கின கம்போஸ்ட், வெட்டிப் போட்ட கிளை இலை, எது கையில கிடைக்குதோ அது. ரெண்டுல இருந்து நாலு இஞ்ச் கனம் இருக்கணும். அதுக்குக் கம்மியா போட்டா வெயில் ஊடுருவிடும், ரொம்ப அதிகமா போட்டா தண்ணி கீழ இறங்காது, காத்தும் போகாது.

போடுறதுல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. முதல்ல மண்ணை ஆழமா நனைக்கணும், அப்புறம் தான் மூடணும். காஞ்ச மண்ணை மூடினா அது காஞ்சே தான் இருக்கும், அதுக்கு அப்புறம் ஊத்துற தண்ணியையும் மூடாக்கு தானே குடிச்சுடும். தண்டைச் சுத்தி ரெண்டு மூணு இஞ்ச் இடம் விட்டுடுங்க, தண்டோட ஒட்டிக் குவிச்சா அழுகல் வரும். பச்சைப் புல்லை வெட்டின உடனே கனமா போடாதீங்க, சூடேறி பாய் மாதிரி ஒட்டிக்கும், ரெண்டு நாள் காய வச்சு மெல்லிசா போடுங்க. மரச்சிப்ஸை மண்ணு மேல மட்டும் பரப்புங்க, உள்ள கலந்துட்டா அது மக்குறதுக்கு மண்ணுல இருக்கிற நைட்ரஜனை இழுத்துக்கும். கூழாங்கல்லு அழகா இருக்கும், ஆனா பகல் சூட்டைப் பிடிச்சு வச்சு ராத்திரி விடும், காய்கறிக்கு வேண்டாம். விதை இப்பத்தான் முளைச்சிருக்குன்னா நாலு இஞ்ச் உயரம் வர்ற வரைக்கும் பொறுங்க.

மூடாக்கு போட்ட அப்புறம் மேல இருந்து பூவாளியால தெளிக்கிறதை நிறுத்திடுங்க. ஹோஸ் நுனியை மூடாக்குக்குக் கீழ தள்ளி மண்ணு மேல விடணும்.

படி 4: எப்ப ஊத்தணும்

விடியற்காலை. காத்து கம்மி, மண்ணு ஜில்லுனு இருக்கும், வெயில் வர்றதுக்குள்ள தண்ணி கீழ இறங்கிடும். அது முடியலன்னா பொழுது சாஞ்ச அப்புறம், ஆனா இலை நனையாம வேர்ல மட்டும். ராத்திரி பூரா இலை ஈரமா இருந்தா பூஞ்சை நோய் வரும்.

மதியம் ஊத்தினா இலையில தண்ணித் துளி லென்ஸ் மாதிரி வேலை செஞ்சு இலையைக் கருக்கிடும்னு ஒரு பேச்சு இருக்கு. 2010ல ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் இதை சோதிச்சுப் பாத்தாங்க, வழவழப்பான இலையில அப்படி கருகல, முடி முடியா இருக்கிற சில இலையில துளி இலையைத் தொடாம தூக்கி நிக்கிறப்ப மட்டும் கருக வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சுது. மதியம் வேண்டாம்னு சொல்றதுக்கு உண்மையான காரணம் ஆவியாகி வீணாகுறது தான். அதே மாதிரி வெயில்ல கிடந்த ஹோஸ்ல இருந்து முதல்ல வர்ற தண்ணி கை வைக்க முடியாத சூட்டுல இருக்கும், அதை ஒரு பக்கெட்ல பிடிச்சு ஆற வச்சு அப்புறம் ஊத்துங்க.

மதியம் மூணு மணிக்கு பெரிய இலைச் செடி எல்லாம் தொங்கிப் போய் நிக்கும், பாத்ததும் பதறி ஓடிப் போய் ஊத்தத் தோணும். பொறுங்க. மண்ணுல ஈரம் இருந்தாலும் அந்த நேரத்துல இலை விடுற தண்ணிக்கு வேர் ஈடு கொடுக்க முடியாது, அதனால தளர்ந்து நிக்கும், சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். மறுநாள் காலையிலயும் தொங்கிட்டு இருந்தா அதுதான் நிஜமான தாகம். கம்பி விட்டுப் பாத்து உள்ள காஞ்சு கிடந்தா அப்ப நேரம் காலம் பாக்காதீங்க, உடனே ஊத்துங்க.

படி 5: வட்டப்பாத்தி, மண்பானை, ட்ரிப்

ஊத்துற தண்ணி நிக்கிறதுக்கு ஒரு இடம் வேணும். ஒவ்வொரு செடியைச் சுத்தியும் மூணு நாலு இஞ்ச் உயரத்துக்கு கரை கட்டி வட்டப்பாத்தி எடுங்க. சரிவான இடம்னா கீழ்ப்பக்கம் மட்டும் அரை வட்டமா கரை போட்டா போதும். புர்கினா ஃபாசோ நாட்டுல யாக்கூபா சவடோகோன்னு ஒரு விவசாயி, வறட்சியில பாறை மாதிரி இறுகிப் போன நிலத்துல கோடையிலயே சின்னச் சின்ன குழியா வெட்டி உள்ள எருவைப் போட்டு வச்சு, விழுந்த மழையை எல்லாம் அந்தக் குழியிலயே நிறுத்தி காட்டையே வளர்த்தாரு, 2018ல அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைச்சுது. நம்ம தோட்டத்து வட்டப்பாத்திக்கும் அதே தத்துவம் தான், கொஞ்சம் எருவும் மேல சருகும் போட்டீங்கன்னா குழி இன்னும் நல்லா வேலை செய்யும்.

மண்பானை முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெயின்ட், கிளேஸ் எதுவும் அடிக்காத சுட்ட மண்பானையை கழுத்து மட்டும் வெளியே தெரியுற மாதிரி பாத்தி நடுவுல புதைச்சுடுங்க, பக்கத்துல மண்ணை நல்லா அணைச்சு அழுத்துங்க, பானைக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து இடைவெளி இருந்தா தண்ணி கசியாது. தண்ணி நிரப்பி மேல ஒரு மூடி, ஆவியாகாம இருக்கவும் கொசு போகாம இருக்கவும். மண்ணு காயக் காய பானை சுவர் வழியா தண்ணி வெளிய இழுக்கப்படும், மண்ணு ஈரமா இருந்தா கசிவு குறைஞ்சுடும், அதனால அளவுக்கு மீறி ஊத்துறதுங்கற பேச்சே இல்ல. செடியை பானையில இருந்து ஒரு அடிக்குள்ள நடுங்க. சில நாள் கழிச்சு லேசா மண்ணை விலக்கிப் பாத்தீங்கன்னா பானையைச் சுத்தி வெள்ளை வெள்ளையா நுணுக்கமான வேர் பின்னிக் கிடக்கும். பூந்தொட்டி தான் இருக்குன்னா அடி ஓட்டையை அடைச்சுட்டு அதையே புதைக்கலாம். உப்புத் தண்ணி ஊத்தினா நாளடைவுல துளை அடைஞ்சுடும், அப்ப எடுத்து தேய்ச்சு ஊற வைக்கணும்.

செடி நிறைய இருந்தா ட்ரிப் தான் சரி. சிம்கா பிளாஸ்ங்கற இன்ஜினியர் வடிவமைச்ச சொட்டுவானை வச்சு 1965ல இஸ்ரேல்ல இது பெரிய அளவுல தொழிலா ஆரம்பிச்சுது, அதுக்கு அப்புறம் உலகம் பூரா பரவிடுச்சு. எமிட்டர், அதாவது சொட்டுவான் மேல மணிக்கு 2 லிட்டர், 4 லிட்டர், 8 லிட்டர்னு போட்டிருக்கும். 4 லிட்டர் எமிட்டரை அரை மணி நேரம் விட்டா ஒரு செடிக்கு 2 லிட்டர், கணக்கு அவ்வளவு தான். மணல் மண்ணுல ஈரம் பக்கவாட்டுல பரவாது, அங்க எமிட்டரை கிட்ட கிட்ட வைங்க. ஃபில்டர் கட்டாயம் போடுங்க, மாசம் ஒரு தடவை லைன் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை வெளிய விடுங்க, குழாயை மூடாக்குக்குக் கீழ ஓட விடுங்க. டைமர் வச்சுட்டு திரும்பிப் பாக்காம இருக்கிறது தான் பெரிய ஆபத்து, ஒரு எமிட்டர் அடைச்சா அந்தச் செடி சாகுற வரைக்கும் தெரியாது, ஒரு ஜாயின்ட் கழண்டா அங்கயே எல்லா தண்ணியும் போகும்.

படி 6: தொட்டிச் செடி

தொட்டிக்கு மேல சொன்ன ஆழமா, இடைவெளி விட்டுங்கறது அப்படியே பொருந்தாது. மண்ணு கொஞ்சம், நாலு பக்கமும் சூடு, கடும் வெயில்ல சின்ன தொட்டிக்கு தினமும் தண்ணி வேணும். அதனால தேவையைக் குறைக்கிற வேலையைப் பாருங்க. தொட்டிகளைத் தனித்தனியா வைக்காம நெருக்கி ஒரே கூட்டமா வைங்க, பெருசு வெயில் பக்கம், சின்னது நிழல்ல. கறுப்புத் தொட்டியை வெளிர் துணி சுத்தி மறைங்க. சின்ன தொட்டியை அதை விடப் பெரிய தொட்டிக்குள்ள இறக்கி நடுவுல மணலோ தென்னை நாரோ நிரப்பினா வேர் வேகாது. மேல ஒரு இஞ்ச் மூடாக்கு இதுக்கும் உண்டு. அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு சொல்றது சரியில்ல, மண்ணு இருக்கிற ஆழம் தான் குறையும், ஓட்டை மேல ஒரு சின்ன வலை போதும்.

ஊத்தின தண்ணி உடனே அடியில வழிஞ்சு ஓடுதுன்னா மண்ணு நனைஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. தென்னை நாரோ பீட்டோ (மக்கின பாசி) கலந்த கலவை ஒரேயடியா காஞ்சா சுருங்கி, தொட்டி சுவருக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விழும், தண்ணி அது வழியா ஓடிடும், நடுவுல காஞ்சே கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்க, காத்து மாதிரி லேசா இருந்தா இதுதான் பிரச்சனை. ஒரு அகலமான டப்புல தண்ணி வச்சு தொட்டியை முக்கால்வாசி மூழ்குற மாதிரி இறக்கினா குமிழ் குமிழா காத்து வெளிய வரும், குமிழ் நிக்கிற வரைக்கும் விட்டுட்டு எடுத்து வடிய விடுங்க. தட்டுல நிக்கிற தண்ணியை வாரத்துக்குள்ள கொட்டிடுங்க, வெயில் காலத்துல கொசு முட்டையில இருந்து பறக்குறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும்.

ஊருக்குப் போறீங்கன்னா பழைய பனியன் துணியை நாடாவா கிழிச்சு ஒரு முனையை தொட்டி மண்ணுல ரெண்டு இஞ்ச் புதைச்சு இன்னொரு முனையை தண்ணி பக்கெட்ல போட்டு விடலாம், ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் ஓட விட்டுப் பாத்துட்டுப் போங்க.

படி 7: செடி குடிக்கிறதையே குறைக்கிறது

மேற்குப் பக்க வெயில் தான் கொல்றது. 30ல இருந்து 50 சதவீத வெயிலைத் தடுக்கிற ஷேட் நெட்டை (நிழல் வலை) மேற்குல தொங்க விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும், மேல கட்டுறதா இருந்தா செடிக்கு மேல ரெண்டு அடியாவது இடைவெளி விடுங்க. சூடான காத்து அடிக்கிற பக்கம் ஒரு தட்டியோ உயரமான செடியோ இருக்கட்டும். களையைச் சின்னதா இருக்கும்போதே பிடுங்குங்க, அது குடிக்கிறதும் உங்க தண்ணி தான்.

உரம் போடாதீங்க, முக்கியமா யூரியா மாதிரி நைட்ரஜன் உரம். புதுசா பச்சைப் பசேல்னு இலை வரும், அந்த இலைக்கெல்லாம் தண்ணி யாரு கொடுக்கிறது, போதாததுக்கு காஞ்ச மண்ணுல உர உப்பு வேரைக் கருக்கும். கடுமையா கவாத்தும் பண்ணாதீங்க, நிழல்ல இருந்த பட்டை திடீர்னு வெயில்ல வெந்துடும். புதுசா நடுற ஆசையையும் மழை வர்ற வரைக்கும் தள்ளி வைங்க.

படி 8: தண்ணி பத்தலன்னா யாருக்கு முதல்ல

கஷ்டமான முடிவு தான், ஆனா எடுத்தே ஆகணும். முதல் இடம் நட்டு ரெண்டு வருஷம் ஆகாத மரக்கன்னுக்கு. அடுத்தது பெரிய மரம், அதுவும் வாட ஆரம்பிச்சா, ஏன்னா இருபது வருஷ மரத்தை மறுபடி வாங்க முடியாது. பெரிய மரத்துக்கு அடிமரத்துல ஊத்தி பிரயோஜனம் இல்ல, கிளை நுனி முடியுற வட்டத்துல, அதுக்கு வெளியிலயும் கொஞ்சம், மெதுவா ஊற விடணும், தண்ணி உறிஞ்சுற வேர் அங்க தான் இருக்கு.

மூணாவது பூக்கிற, காய் பிடிக்கிற காய்கறி. இந்த நேரத்துல தண்ணி தவறினா பூ கொட்டிடும். தக்காளிக்கு ஒரு நாள் வெள்ளம் அடுத்த நாலு நாள் பஞ்சம்னு கொடுத்தா காயோட அடிப்பக்கம் கறுத்துப் போகும், கால்சியம் தண்ணியோட சேர்ந்து தான் காய்க்குப் போகும், மண்ணுல கால்சியம் இருந்தும் போய் சேராது. கீரை பூ விட்டுடுச்சுன்னா அறுத்துட்டு அந்த இடத்தை மூடாக்கு போட்டு ஆறப் போடுங்க. ஒரு சீசன் பூச்செடி, அப்புறம் கடைசியா புல்தரை. புல்லை மூணு இஞ்ச் உயரத்துக்கு விட்டு வெட்டுங்க, வெட்டின புல்லை அங்கயே விடுங்க. பழுப்பா போனா பயப்படாதீங்க, நிறைய புல் வகை தூங்கப் போகும், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை அரை இஞ்ச் தண்ணி கிடைச்சா மழையில திரும்பி வந்துடும்.

படி 9: வீட்டுத் தண்ணியைத் திரும்பப் பயன்படுத்துறது

காய்கறி கழுவின தண்ணி, உப்பு போடாம வேக வச்சு ஆறின தண்ணி, நன்னீர் மீன் தொட்டித் தண்ணி, இது மூணையும் கண்ணை மூடிட்டு ஊத்தலாம், மீன் தொட்டித் தண்ணியில நைட்ரேட்டும் இருக்கு. ஏசியில சொட்டுற தண்ணியில உப்பே கிட்டத்தட்ட இருக்காது, தொட்டிச் செடிக்கு நல்லது. ஆர்ஓ கழிவுத் தண்ணி இதுக்கு நேர் எதிர், உப்பு செறிஞ்சு வரும், அதை அப்படியே தொட்டிக்கு ஊத்தாதீங்க, நல்ல தண்ணியோட கலந்து உப்பு தாங்குற மரத்துக்கோ புல்லுக்கோ விடுங்க, மண்ணு மேல வெள்ளையா படிஞ்சா நிறுத்திடுங்க.

குளிச்ச தண்ணி, துணி அலசின தண்ணின்னா கொஞ்சம் கட்டுப்பாடு வேணும். பிளீச்சிங், போராக்ஸ் கலந்தது வேண்டவே வேண்டாம். மத்ததை அழகுச் செடிக்கும் மரத்துக்கும் மண்ணுல மட்டும் ஊத்துங்க, கீரை, கேரட் மாதிரி நேரா தண்ணி படுற எதுக்கும் கூடாது. அன்னைக்கு வந்த தண்ணியை அன்னைக்கே ஊத்திடணும், சேத்து வச்சா கிருமி பெருகி நாறும். ஒரே இடத்துல தினமும் ஊத்தினா டிடர்ஜென்ட்ல இருக்கிற சோடியம் களிமண்ணை இறுக்கிடும், அதனால இடம் மாத்தி மாத்தி, நடுநடுவுல நல்ல தண்ணியும் விடுங்க.

படி 10: கசிவும், அடுத்த மழையும்

செகண்டுக்கு ஒரு சொட்டு விழுற குழாய்ல ஒரு நாளைக்கு 10 லிட்டருக்கு மேல போகும். எல்லா குழாயையும் மூடிட்டு மீட்டரைக் குறிச்சு வச்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, ஓடியிருந்தா எங்கயோ கசியுது. ஹோஸ் வாஷர் தேஞ்சிருந்தா இன்னைக்கே மாத்துங்க.

மழைக்கு இப்பவே தயார் பண்ணுங்க, மேகம் வந்த அப்புறம் பீப்பாய் தேட முடியாது. 50 சதுர மீட்டர் கூரையில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 500 லிட்டர், சிந்துறது போக 400 லிட்டராவது பிடிக்கலாம். முதல்ல வர்ற தண்ணியில கூரைத் தூசி, பறவை எச்சம் எல்லாம் இருக்கும், அதை வெளிய விட்டுட்டு அப்புறம் சேருங்க. பீப்பாய்க்கு இறுக்கமான மூடியும் கொசு வலையும், பாசி பிடிக்காம இருக்க வெளிச்சம் புகாத நிறமும் வேணும்.

முதல் மழை வந்ததும் டிரிப்பை நிறுத்திடாதீங்க. அஞ்சு மில்லிமீட்டர் தூறல் மூடாக்கை மட்டும் தான் நனைக்கும், கீழ மண்ணு பொடியா இருக்கும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு அதே கம்பியை எடுத்து குத்திப் பாருங்க, ஆறு இஞ்ச் சுலபமா இறங்கினா அன்னைக்கு குழாயை மூடிக்கலாம்.